பழைய சொகுசு கார்: ரோட்டுச் சத்தமும் தூக்கிப் போடும் சஸ்பென்ஷனும்

ஏழு வருடம் ஓடிய ஒரு ஐரோப்பிய சொகுசு செடானை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 8 கியர் ஆட்டோமேட்டிக், ரியர் வீல் டிரைவ். வாங்கும்போது மீட்டரில் 70,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின், பிரேக், சீட் மூன்றும் முதல் தரம். ஆனால் எந்த அமைதிக்கும் சுகத்துக்கும் இந்த வண்டி பெயர் வாங்கியதோ, அந்த இரண்டும் என் கைக்கு வந்தபோது அதில் இல்லை. வேலை பார்த்துப் பாதிக்கு மேல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். மீதி வராது. அது ஏன் என்றும் எழுதுகிறேன்.

என் தொழில் ஒலிப்பதிவு. காதுதான் சோறு போடுகிறது. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, இரவில் நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவன் நான். அந்த நேரத்திலாவது காது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ரகத்துக் காரைத் தேடினேன். வேகம், ஆடம்பரம், நாலு பேர் திரும்பிப் பார்ப்பது எதுவும் என் கணக்கில் இல்லை. அதனால் இந்த விமர்சனத்தில் சத்தமும் குலுக்கலும்தான் அதிகம் இருக்கும். மற்றதைப் படிக்க வேறு இடங்கள் நிறைய உண்டு.

நல்லதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். சீட் அருமை. தொடைக்கு அடியில் இழுத்து நீட்டிக்கொள்ளும் மெத்தை, இடுப்புக்குத் தனியாகக் காற்று ஏற்றி இறக்கும் வசதி, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் கால் மரத்துப் போவதில்லை. கியர் மாறுவது தெரியாது. 100-லிருந்து பிரேக் மிதித்தால் வண்டி நேர்கோட்டில் நிற்கிறது. வளைவுகளில் ஸ்டீயரிங் கொடுக்கும் நம்பிக்கைக்கு ஈடு கிடையாது. வாகனம் நின்றபடி ஐட்லிங்கில் இருக்கும்போது இன்ஜின் ஓடுகிறதா என்று டேகோமீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் வாங்குகிறவர்கள் மயங்குகிறார்கள். ஷோரூம் வாசலில் நிற்கும் வண்டியின் அமைதி இன்ஜினுடையது. 60-ஐத் தாண்டிய பிறகு இன்ஜினுக்குப் பேச்சே இல்லை. அதற்கு மேல் கேட்பதெல்லாம் டயர். 100-ஐத் தாண்டினால் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். புதிதாகப் போட்ட, மழமழவென்ற தார் ரோட்டில் வண்டி நன்றாகத்தான் இருந்தது. ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் கரடான தார் ரோடு வந்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பும். வேகத்தோடு ஏறும், இறங்கும். 70-க்கும் 90-க்கும் நடுவில் உச்சம். சிமென்ட் ரோட்டில் அதுவே ஊளையாக மாறிவிடும். பாலங்களின் இணைப்புகளில் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்ற அடி, அதன் வாலாக ‘ங்ங்’ என்று காலி டிரம்மைத் தட்டியது போல ஒரு ரீங்காரம். முன்சீட்டில் இருப்பவர் பேசுவது பின்சீட்டுக்குக் கேட்காது. அம்மா பின்னால் உட்கார்ந்து வந்த முதல் நெடும்பயணத்தில் பாதி வழியிலேயே கேட்டுவிட்டார்: “ஏம்ப்பா, நம்ம சின்ன வண்டியில இவ்வளவு இரைச்சல் இல்லையே. ஏதாவது ஜன்னல் திறந்திருக்கா பாரு.” எல்லாம் மூடித்தான் இருந்தது.

வேலைக்கு வைத்திருக்கும் ரெக்கார்டரையும் சவுண்ட் லெவல் மீட்டரையும் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஒரே ரோடு, ஒரே திசை, க்ரூஸ் கன்ட்ரோலில் 80, ஏ.சி. நிறுத்தம், மைக் பின்சீட்டில் காது உயரத்தில். கரடான ரோட்டில் 71 டெசிபல் காட்டியது. கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தெரியாது. சாதாரணக் கார்களே அந்த அளவில்தான் இருக்கும். ஆனால் பத்திரிகைகளும் விளம்பரங்களும் போடும் டெசிபல் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது ‘ஏ வெயிட்டிங்’ போட்ட அளவு. மனிதக் காது தாழ்ந்த ஒலியைக் குறைவாக உணர்கிறது என்பதால் அந்தப் பகுதியை மீட்டரே குறைத்துக் காட்டும். 200 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 200 முறை அதிரும் ஒலியில், ஏறக்குறைய 11 டெசிபலைக் கழித்துவிடும். 100 ஹெர்ட்ஸில் 19, 50 ஹெர்ட்ஸில் 30. காரின் உறுமல் முழுவதும் குடியிருப்பது இந்தப் பகுதியில்தான். ஆக, எண் சாதுவாக இருக்கும், இறங்கும்போது தலை கனக்கும். இந்தக் கழித்தல் இல்லாமல், எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி என்று காட்டும் அலைவரிசைப் படத்தை எடுத்துப் பார்த்தபோது 200 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு திமில் தெளிவாக நின்றது.

அந்தத் திமிலுக்குப் பெயர் உண்டு, காரணமும் உண்டு. டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று ஒரு வளையம். டயர் பள்ளத்தில் அடிபடும்போது அந்த வளையம் தன் சொந்தச் சுருதியில் ஒலிக்கிறது. சாதாரணக் கார் டயர் அளவுக்கு அது 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் வரும். பால இணைப்பில் கேட்ட ரீங்காரம் இதுதான். எல்லா டயரிலும் இது உண்டு. டயரின் பக்கச் சுவர் மெத்தென்று இருந்தால் ஓரளவு அடங்கும். விறைப்பாக இருந்தால் சக்கரம், அதை வண்டியோடு இணைக்கும் ஆர்ம், சேஸிஸ் வழியாக அப்படியே கேபினுக்குள் ஏறிவிடும். என் வண்டியின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

குனிந்து டயரின் ஓரத்தைப் படித்தேன். முன்னால் 245/40 ஆர் 19, பின்னால் 275/35 ஆர் 19, நான்கும் ரன்ஃப்ளாட். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு வண்டி எப்படிப் போகும் என்பது பாதி விளங்கிவிடும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் உள்ளே இருக்கும் வீலின் விட்டம், அங்குலத்தில். 245-ல் 40 சதவீதம் என்றால் 98 மில்லிமீட்டர். 275-ல் 35 சதவீதம் என்றால் 96. ரோட்டுக்கும் அலாய் வீலுக்கும் நடுவே நான்கு அங்குலம்கூட இல்லை. போதாக்குறைக்கு ரன்ஃப்ளாட். காற்று முழுவதும் இறங்கினாலும் பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் 80 கி.மீ. தூரம் வரை வண்டியைத் தாங்க வேண்டும் என்று பக்கச் சுவரைக் கனத்த ரப்பரால் கட்டியிருப்பார்கள். காற்று இல்லாமலே வண்டியைச் சுமக்கும் சுவர், காற்று இருக்கும்போது எப்படி வளையும்? ஜல்லியின் ஒவ்வொரு முனையையும் அது மேலே அனுப்பிவிடுகிறது.

அடுத்தது டயரின் வயது. பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3419 என்றால் 2019-ஆம் வருடத்தின் 34-வது வாரம். சில டயர்களில் அந்த நான்கு இலக்கம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அது உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் வண்டியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். என் வண்டியில் பின் டயர்கள் இரண்டும் வண்டியோடு பிறந்தவை. பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள், பாதிக்கு மேல் இருந்தது, அதனால் பார்ப்பதற்கு நல்ல டயர். ரப்பர் மட்டும் இறுகிக் கட்டையாகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால்தான் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டு டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னிருந்து பின்னாகத் தடவுங்கள். பிறகு பின்னிருந்து முன்னாகத் தடவுங்கள். என் பின் டயரின் உள்விளிம்பில் ஒரு திசையில் கை வழுக்கிக்கொண்டு போனது, மறு திசையில் ரம்பம் போலப் பிடித்தது. ஒவ்வொரு பட்டனும் ஒரு முனை தேய்ந்து மறுமுனை தூக்கி நிற்கிறது. சக்கரம் சுழலும்போது அந்தத் தூக்கிய முனைகள் வரிசையாக ரோட்டை அறைகின்றன. சிமென்ட் ரோட்டில் கேட்ட ஊளை அதுதான். சக்கரங்கள் நிற்கும் கோணம், அதாவது அலைன்மென்ட், தவறியதாலும் ஷாக் அப்சார்பர் தளர்ந்ததாலும் இப்படி வரும். சாதாரணக் காராக இருந்தால் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு இதைத் தள்ளிப்போடலாம். முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ் என்று வைத்த வண்டியில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. அழகுக்காகச் செய்யும் அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மெய்யாகவே கோபம் உண்டு.

இந்த ஊளையை வீல் பேரிங் சத்தம் என்று சொல்லி பேரிங்கை மாற்றச் சொன்னவர்களும் இருந்தார்கள். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. காலியான அகலமான ரோட்டில் 60-ல் போகும்போது வண்டியை மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங் மேல் சந்தேகம் வரலாம். எந்தப் பக்கம் வளைத்தாலும் சத்தம் அப்படியே இருந்து, ரோட்டின் தரம் மாறும்போது மட்டும் மாறினால் அது டயர். எனக்கு ரோடு மாறியதும் சத்தம் மாறியது.

இப்போது குலுக்கல். இந்த வண்டியில் கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று ஷாக் அப்சார்பரை இளக்கவும் இறுக்கவும் பட்டன் இருக்கிறது. விற்றவர்கள் அதைத்தான் பெருமையாகக் காட்டினார்கள். கம்ஃபர்ட்டில் வைத்தால் பெரிய மேடு பள்ளங்களில் வண்டி அலை போல ஏறி இறங்கும். சின்னக் குழி, தையல் போட்ட ரோடு, வெட்டிப் பூசிய இடம் வந்தால் முதுகெலும்பில் நேராக அடிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்: மேலே மிதப்பு, கீழே அடி. காரணம் எளிது. பட்டன் மாற்றுவது ஷாக்கைத்தான். சின்னக் கூர்மையான அடியை முதலில் வாங்க வேண்டியது டயர். டயர் வாங்காததை ஷாக்கால் முழுவதும் சரிசெய்ய முடியாது. 19 அங்குல அலாய் வீலும் ரன்ஃப்ளாட் டயரும் சேர்ந்து கனம் வேறு. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை கூடக் கூட, சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறும்போது அதைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் அண்ணன், பல காலம் இந்த ரக வண்டிகளை மட்டுமே பார்க்கிறவர். டார்ச்சை அடித்து முன்பக்க ஆர்மின் புஷ்ஷை, அதாவது ஆர்ம் இணையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளையை, காட்டினார். சாதாரண ரப்பர் புஷ் கிடையாது, உள்ளே திரவம் நிரப்பியது. அதிர்வை விழுங்குவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். என்னுடையதில் ரப்பர் கிழிந்து, திரவம் வெளியேறி, சுற்றிலும் தூசு அப்பிய கறுப்புப் பிசுபிசுப்பு.

“தம்பி, இது செத்துப் பல நாள் ஆச்சு. இரும்பு இரும்போட பேசுது.”

“ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டீயரிங்ல ஒண்ணும் தெரியலையேண்ணே?”

“தெரியாது. பிரேக் அடிக்கும்போது லேசா நடுங்கும், சின்னக் குழியில ‘டொக்’னு கேக்கும். ரோட்டுக்கு மேல தப்பு சொல்லிட்டு எல்லாரும் போயிடுவாங்க.”

பின்பக்க ஷாக் ஒன்றில் எண்ணெய் கசிவு. மேல் மவுண்ட் ரப்பர் வெடித்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றினோம். இங்கே அவர் செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். புது புஷ்களைப் பொருத்தியதும் போல்ட்டை உடனே முழுவதும் முறுக்கவில்லை. வண்டி தரையில் நின்றால் சஸ்பென்ஷன் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு ஆர்மை ஜாக்கால் தூக்கி நிறுத்தி, அதன் பிறகுதான் முறுக்கினார். லிஃப்டில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே முறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். ஓட்டமும் விறைக்கும், புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். அவசரக்காரர்களின் கையில் இந்த வேலை கெடுவது இந்த ஒரு படியில்தான். புஷ் மாற்றக் கொடுக்கும்போது இதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சொகுசுக் காரின் அமைதி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், அதன் பெரும்பகுதி எடையும் பொருளும்தான். 2020-ல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட்டில் ஒலியை அடக்கும் பொருட்கள் மட்டும் 100 கிலோவுக்கு மேல் என்று அந்த நிறுவனமே சொன்னது. உள்ளே ஆழ்ந்த அமைதி மனதுக்கு ஒவ்வாமல் போனதால், மெல்லிய ஒரு ஒலியை வேண்டுமென்றே விட்டுவைத்ததாகவும் சொன்னார்கள். 1989-ல் லெக்ஸஸ் எல்.எஸ். 400 வந்தபோது உலகம் பேசியதும் அதன் நிசப்தத்தைத்தான். இப்படிச் சேர்த்த அமைதி ஒரே இடத்தில் இருப்பதில்லை. கண்ணாடியின் நடுப்படலத்தில், சக்கரக் கூட்டின் கம்பளத்தில், கதவு ரப்பரில், அடிப்பாகத்து மூடியில் என்று சிதறி இருக்கிறது. ஏழு வருடத்தில் எத்தனையோ கைகள் அந்த வண்டியைக் கழற்றி மாட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அமைதி கழன்று போயிருக்கும். இன்ஜினில் குறை என்றால் கம்ப்யூட்டரில் எரர் கோட் வரும். அமைதி போனதற்கு எந்தக் கோடும் வராது. அதனால்தான் இரண்டாம் கை சொகுசுக் காரில் முதலில் தொலைவது அதுவாக இருக்கிறது, ஒருவரும் அதைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை.

என் வண்டியில் தொலைந்தவற்றைச் சொல்கிறேன். பின் வலது சக்கரக் கூட்டுக்குள் கம்பளி போன்ற உறை ஒன்று இருக்க வேண்டும். கல்லும் தண்ணீரும் தகரத்தில் அடிக்கும் ஓசையை விழுங்குவதற்காக வைப்பது. அதில் பாதி கிழிந்து, கிளிப்புகள் காணாமல் போய், தகரம் வெறுமையாகத் தெரிந்தது. சரளையில் போனால் அந்த மூலையில் மட்டும் ‘சடசட’வென்று கேட்டதற்கு அதுதான் காரணம். அடிப்பாகத்தில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடிகளில் ஒன்று இல்லை. ஆயில் மாற்றிய யாரோ திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். இவை இரண்டும் மலிவான சாமான்கள், மாட்டியாயிற்று.

முன்கண்ணாடிதான் மனதுக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது. எல்லா முன்கண்ணாடியும் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியதுதான். இந்த ரகக் கார்களில் அந்தப் படலமே ஒலியை உறிஞ்சும்படி தனியாகச் செய்தது. கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்கும் முத்திரையில் அதைக் குறித்திருப்பார்கள், சில நிறுவனங்கள் காது படம்கூடப் போடும். என் வண்டியின் கதவுக் கண்ணாடிகளிலும் பின்கண்ணாடியிலும் கார் நிறுவனத்தின் சின்னம் இருந்தது. முன்கண்ணாடியில் இல்லை. முந்தைய சொந்தக்காரர் காலத்தில் கல் பட்டு உடைந்து, வெளிச்சந்தைச் சாதாரணக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். 100-க்கு மேல் போனால் முன்தூண்கள் இரண்டின் ஓரத்திலும் காற்று ‘ஸ்ஸ்’ என்று சீறுகிறது. விற்பனை நிலையத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டபோது, “கண்ணாடி கண்ணாடிதானே சார்” என்றார்கள். அந்தப் பதிலை நான் மன்னிக்கவில்லை. இருநூறு அம்சங்களைச் சரிபார்த்த வண்டி என்று காகிதம் கொடுப்பவர்களுக்கு முத்திரையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

டயருக்கு நான் எடுத்த முடிவு பலருக்குப் பிடிக்காது. 19-ஐக் கழற்றிவிட்டு 17-க்கு இறங்கினேன். இதே மாடலின் அடிப்படை வேரியன்ட் 225/55 ஆர் 17 டயரோடு வந்தது, டிரைவர் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரிலும் அந்த சைஸ் அச்சிட்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 225-ல் 55 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 124 மில்லிமீட்டர். பக்கச் சுவர் ஒரு அங்குலம் கூடுகிறது. சக்கரத்தின் மொத்த விட்டமோ 245/40 ஆர் 19-க்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை, இரண்டும் 679-ஐ ஒட்டித்தான். ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டாது. பிரேக் காலிப்பர் 17-க்குள் இடிக்காமல் அடங்குகிறதா, டயரின் சுமைக் குறியீடு வண்டிக்குப் போதுமா, இந்த இரண்டையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். என் வண்டியில் இரண்டும் சரியாக இருந்தது. நிறுவனத்தின் பழைய 17 அங்குல அலாய்களையே தேடிப் பிடித்து, சாதாரண டூரிங் டயர் நான்கையும் ஒரே சைஸில் போட்டேன். ரன்ஃப்ளாட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் காரில் ஸ்டெப்னி வைக்க இடமே கிடையாது. அதனால் பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் எப்போதும் இருக்கின்றன. நடுராத்திரியில் பக்கச் சுவர் கிழிந்தால் ரெக்கவரி வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். அதை ஏற்றுக்கொண்டுதான் இறங்கினேன்.

டயர் வாங்கும்போது இன்னொன்று. ஐரோப்பிய லேபிளில் டெசிபல் எண் ஒன்று போட்டிருப்பார்கள். அது வெளியே அளந்தது. குறிப்பிட்ட வகை ரோட்டில் இன்ஜினை நிறுத்தி 80 கி.மீ. வேகத்தில் வண்டியை உருளவிட்டு, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து எடுப்பது. தெருவில் இருப்பவருக்கு எவ்வளவு கேட்கும் என்பது அதில் தெரியும். உங்கள் பின்சீட்டில் எவ்வளவு கேட்கும் என்பது தெரியாது. அதை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

காற்றும் கவனிக்க வேண்டிய விஷயம். வண்டி என் கைக்கு வந்தபோது நான்கிலும் முழுச் சுமைக்கான அழுத்தம் ஏற்றியிருந்தார்கள். கதவுத் தூண் ஸ்டிக்கரில் ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு, குடும்பமும் சாமானும் ஏறும்போது எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து அதற்கேற்ப வைத்தால் செலவே இல்லாமல் ஓரளவு மிருது கிடைக்கிறது. அதற்குக் கீழே இறக்கக் கூடாது, அது ஆபத்து.

எல்லாம் முடித்து அதே ரோட்டில், அதே 80-ல், மைக்கை அதே இடத்தில் வைத்து மறுபடி அளந்தேன். 71 இருந்தது 67 ஆனது. 3 டெசிபல் குறைந்தாலே ஒலியின் ஆற்றல் பாதியாகிறது, காதுக்குப் பாதியாகத் தோன்ற 10 குறைய வேண்டும். 4 என்பது நன்றாகத் தெரியும் அளவு. எண்ணைவிடப் படத்தில் மாற்றம் பெரிது. ரம்பத் தேய்மானத்தின் ஊளை அடியோடு போய்விட்டது. 200 ஹெர்ட்ஸ் திமில் தணிந்திருக்கிறது, மறையவில்லை. பால இணைப்பில் இப்போது ‘டொப்’ என்று ஒரு மொத்தை ஒலி, ரீங்காரம் உடனே அடங்குகிறது. பின்சீட்டில் பேசுவதற்குத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்ல முடிகிறது. சின்னக் குழிகள் இனி முதுகுக்கு வருவதில்லை. கம்ஃபர்ட் பட்டனுக்கு இப்போதுதான் ஒரு அர்த்தம் வந்திருக்கிறது. பதிலுக்கு, வளைவுகளில் ஸ்டீயரிங்கின் கூர்மை ஒரு துளி மழுங்கியிருக்கிறது. தோற்றத்தில் சக்கரம் சின்னதாகத் தெரிகிறது. இரண்டையும் நான் மகிழ்ச்சியோடு கொடுத்தேன்.

வராமல் போனது எது? கரடான ரோட்டின் தாழ்ந்த உறுமல் இன்னும் அடியில் இருக்கிறது. பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமை பாடியோடு இணைக்கும் பெரிய புஷ்கள் ஏழு வருடம் பழையவை, கிழியாதவரை அவற்றை மாற்றச் சொல்ல எனக்கு மனம் இல்லை. கதவு ரப்பர்கள் படிந்துபோயிருக்கின்றன. முன்கண்ணாடியின் சீறலோடு வாழ்கிறேன். உள்ளே நுரை ஒட்டிய டயர்கள் இருக்கின்றன, அந்த 200 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அடக்குவதற்கென்றே செய்தவை. என் சைஸில் நான் தேடியபோது கிடைக்கவில்லை. அடுத்த முறை டயர் மாற்றும்போது மறுபடி தேடுவேன்.

நிறுவனங்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1955-லேயே சிட்ரோயன் டி.எஸ். எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் சஸ்பென்ஷனை வைத்து மோசமான ரோட்டை மெத்தையாக்கிக் காட்டியது. அதன் டயரின் பக்கச் சுவரும் உயரம். அத்தனை காலம் கழித்து வந்த வண்டியில் விலை கூடிய வேரியன்ட் என்றாலே பெரிய சக்கரம், மெல்லிய டயர். அதிகம் கொடுத்தவருக்கு அதிகக் குலுக்கல் கிடைக்கிறது. இரண்டாம் கையில் வாங்குகிறவர், புதிதாக வாங்கியவர் படம் பார்த்து டிக் செய்த அந்தத் தேர்வையும் சேர்த்துச் சுமக்கிறார்.

இந்த வண்டியைப் பரிந்துரைப்பேனா? தனியாகவோ இருவராகவோ நல்ல ரோடுகளில் ஓட்டுகிறவருக்கு, ஓட்டும் சுகத்துக்காக வாங்குகிறவருக்கு, தாராளமாக. வயதானவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எல்லா ரோட்டிலும் போகிறவர், டயருக்கும் புஷ்ஷுக்கும் ஷாக்குக்கும் தனியாக ஒரு தொகையை ஒதுக்கிவிட்டுத்தான் விலை பேச வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது விற்பவர் காட்டும் ரோட்டில் மட்டும் போகாதீர்கள். அவர்கள் அழைத்துப் போவது மழமழ ரோடாகத்தான் இருக்கும், பாட்டும் ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் அணைக்கச் சொல்லுங்கள். ஜல்லி தெரியும் ரோட்டில் 80-ல் கொஞ்ச தூரம் போய், பிறகு ஸ்டீயரிங்கை அவரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டுக்கு மாறி அதே ரோட்டில் திரும்பி வாருங்கள். பின்னால் உட்கார்ந்து பார்க்காமல் இந்த ரகக் காரை யாரும் வாங்கக் கூடாது. இறங்கியதும் நான்கு டயர்களின் தேதி, உள்விளிம்பில் கை தடவல், கண்ணாடி மூலை முத்திரைகள். அதே மாடலில், அதே இன்ஜினில், 17 அங்குலச் சக்கரத்தோடு வந்த அடிப்படை வேரியன்ட் ஒன்று எங்காவது நிற்கிறது என்று கேள்விப்பட்டால், சன்ரூஃபும் பெரிய அலாயும் இல்லையே என்று தயங்காமல் அதைப் போய்ப் பாருங்கள்.